ரீலோடிங் பிரஸ் வாங்கறதுக்கு முன்னாடி: உடைஞ்சா எந்த கம்பெனிக்காரன் ஃபோன் எடுப்பான்?

போன மாசம் ஆஃபீஸ்ல கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன், திருநெல்வேலிக்காரன், டெக்சாஸ் வந்து மூணு வருஷம் ஆச்சு, என்கூட நாலஞ்சு தடவை ரேஞ்சுக்கு வந்து சுட்டுப் பாத்தவன், கடையில தோட்டா விலையப் பாத்து மிரண்டு போயி "அண்ணே, நானும் ரீலோடிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த பிரஸ் வாங்கலாம்"னு கேட்டான். கூடவே ஒரு எக்செல் ஷீட் வேற அனுப்பிச்சான். விலை இருக்கு, எத்தனை ஸ்டேஷன்னு இருக்கு, மணிக்கு எத்தனை ரவுண்டு (தோட்டா) வரும்னு இருக்கு. உடைஞ்சா யார் பாப்பாங்கன்னு மட்டும் ஒரு வரிசை கூட இல்ல.

எங்க அம்மா கோயம்புத்தூர்ல கிரைண்டர் வாங்கப் போனா, கடைக்காரர் லிட்டர் கணக்கு சொல்லிட்டு இருக்கும்போதே "பெல்ட்டு அறுந்தா எங்க கெடைக்கும், கல்லு தேஞ்சா கொத்திக் குடுப்பீங்களா"ன்னு கேப்பாங்க. அவரு முழிச்சாருன்னா அடுத்த கடை. நான் இங்க வந்து மொத பிரஸ் வாங்கும்போது அந்தக் கேள்வியக் கேக்கல. அதனால தம்பிக்கு எழுதினத அப்படியே கொஞ்சம் நீட்டி இங்க போடறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. துப்பாக்கி சுட்டதும் கீழ விழற பித்தளை கேஸ எடுத்து, அடியில இருக்கற பழைய பிரைமரத் (அடி பட்டதும் பத்திக்கற சின்ன மூடி) தள்ளி, உப்பிப் போனத பழைய அளவுக்கு அமுக்கி, புது பிரைமர், பவுடர் (வெடிமருந்து), புல்லட் (முனையில இருந்து பறக்கற குண்டு) வச்சு மறுபடி தோட்டா ஆக்கறதுதான் ரீலோடிங். இதைச் செய்யற நெம்புகோல் மெஷின்தான் பிரஸ், அதுல மாட்டற அச்சு டை. சொந்த உபயோகத்துக்கு அமெரிக்காவுல ஃபெடரல் லைசென்ஸ் எதுவும் வேண்டாம், செஞ்சு விக்கணும்னா டைப் 06 லைசென்ஸ் வாங்கணும். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல தோட்டா தயாரிக்கறதுக்கே லைசென்ஸ் வேணும், அதனால ஊர்ல இருந்து படிக்கறவங்க இதை வேடிக்கையா மட்டும் படிங்க.

சரி, என்ன உடையும்? இதப் புரிஞ்சுக்காம எந்த கேரண்டி நல்லதுன்னு பேசறது வீண். பிரஸ்ஸோட பாடி வார்ப்பிரும்பு, சிலதுல அலுமினியம். வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் அம்மிக்கல்லு மாதிரி, தாத்தா வாங்கினத பேரன் ஓட்டிட்டு இருக்கான். அதுக்கு "லைஃப்டைம் வாரண்டி"ன்னு அட்டையில அடிக்கறது கம்பெனிக்கு செலவே இல்லாத விஷயம். உடையறது எல்லாம் சின்னச் சின்னது: டைக்குள்ள இருக்கற டீகேப்பிங் பின் (பழைய பிரைமரத் தள்ளற ஊசி) வளையும், பிரைமர ஊட்டற பகுதியில இருக்கற ஸ்பிரிங், பிளாஸ்டிக் துண்டு தேயும், கேஸத் தள்ளிவிடற கம்பி வளையும், அப்புறம் கார்பெட்ல விழுந்து காணாமப் போற ஸ்குரூ. சிங்கிள் ஸ்டேஜ்ல ஒரு தடவை நெம்புனா ஒரு வேலைதான் நடக்கும், அசையற பாகம் கை விரல் விட்டு எண்ணிரலாம். புரோக்ரசிவ்ங்கற வகையில ஒரே இழுப்புல நாலஞ்சு ஸ்டேஷன்லயும் (டை மாட்டற இடம்) வேலை நடக்குது, கேஸ் நிக்கற தட்டு சுத்துது, பிரைமர் வருது, பவுடர் கொட்டுது, ஒண்ணு ஒரு மில்லிமீட்டர் விலகினா மொத்தமும் நின்னு போயிரும். அதனால என் கணக்கு இதுதான்: அசையற பாகம் எவ்வளவு கூடுதோ அந்த அளவுக்கு சர்வீசுக்கு காசு குடுக்கலாம். தம்பி ஷீட்டுல எல்லா மாடலையும் ஒரே வரிசையில வச்சு விலையப் பாத்து கலர் அடிச்சிருந்தான், அங்கதான் தப்பு.

இன்னொரு விஷயம், நிறைய பேர் கவனிக்கறதில்ல. டையோட மரை கிட்டத்தட்ட எல்லா கம்பெனிக்கும் ஒண்ணுதான், முக்கால் இஞ்சுக்கு மேல, ஒரு இஞ்சுக்குக் கீழ, அதாவது 7/8 இஞ்ச், இஞ்சுக்கு 14 மரை. பச்சை பிரஸ்ல சிவப்பு டை மாட்டலாம், நீல பிரஸ்ல பச்சை டை மாட்டலாம். (கலர் சொன்னாலே கம்பெனி தெரிஞ்சுரும் இந்த உலகத்துல: நீலம் டில்லன், பச்சை ஆர்சிபிஎஸ், சிவப்புக்கு லீயும் ஹார்னடியும் போட்டி.) அதனால கம்பெனிய மொத்தமா கட்டிக்கணும்னு இல்ல, பிரஸ் ஒருத்தர்கிட்ட, டை ஒருத்தர்கிட்ட, தராசு இன்னொருத்தர்கிட்டன்னு வாங்கி, எதுக்கு சர்வீஸ் தேவைப்படுமோ அதுக்கு மட்டும் நல்ல கம்பெனியாப் பாக்கலாம்.

சர்வீஸ்னா என்னன்னு எனக்குப் புரிஞ்ச நாள் ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்ச புதுசு, .223 கேஸ். ரைஃபிள் கேஸ டைக்குள்ள விடறதுக்கு முன்னாடி லூப் (வழுக்கறதுக்கான எண்ணெய்) தடவணும், நான் அன்னிக்கு அவசரத்துல பத்து கேஸுக்குத் தடவி பதினொண்ணாவத சும்மா விட்டுட்டேன். உள்ள போச்சு. கைப்பிடிய மேல தூக்கறேன், வரல. ரெண்டு கையும் வச்சு தூக்கினேன், மேஜையே தூக்கிட்டு வந்துச்சு, அப்புறம் படக்குன்னு ஒரு சத்தம், கேஸோட அடி விளிம்பு அதப் பிடிச்சிருக்கற ஷெல் ஹோல்டர்லயே பிஞ்சு நிக்குது, மீதி உடம்பு டைக்குள்ள கார்க் மாதிரி அடைச்சுகிட்டு இருக்கு. முழுக்க முழுக்க என் தப்பு. யூடியூப் பாத்து ட்ரில் போட்டு எடுக்கலாம்னு போயி உள்ள இருந்த பின்னையும் சேத்து நாசம் பண்ணேன். கடைசில கம்பெனிக்கு ஃபோன் பண்ணா எடுத்தது ஒரு வயசானவரு. நான் கதைய ஆரம்பிக்கறதுக்குள்ள "லூப் போட மறந்துட்டியா"ன்னார். திட்டல. டைய ஒரு சின்ன டப்பாவுல போட்டு உள்ள பேரு அட்ரஸ் எழுதி அனுப்புன்னார். ரெண்டு வாரத்துல திரும்பி வந்துச்சு, கேஸ எடுத்து, உள்ள பாலிஷ் பண்ணி, புது பின் போட்டு, கூட ஒரு குட்டி பாட்டில் லூப். அத வச்சது அக்கறையா குத்திக் காட்டறதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. காசு கேக்கல. அந்தக் கம்பெனி யாருன்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா இந்த ஃபீல்டுல இதைக் கிட்டத்தட்ட எல்லா பெரிய டை கம்பெனியும் செய்யறாங்க, சிலர் சின்ன தொகை வாங்குவாங்க, அவ்வளவுதான்.

இனி ஒவ்வொருத்தரா வரேன்.

டில்லன். அரிசோனாவுல ஸ்காட்ஸ்டேல். ஆரம்பிச்சவர் மைக் டில்லன், டிடபிள்யூஏ ஏர்லைன்ஸ்ல பைலட்டா இருந்தவர், 2016ல இறந்துட்டார். இவங்க வாரண்டி பேரே ஒரு கெட்ட வார்த்தையோட சுருக்கத்த வச்சுதான், "சாக்குபோக்கு கிடையாது"ன்னு நம்ம பாஷையில வச்சுக்கலாம். ஆயுசு முழுக்க, பாகம் தேஞ்சாலும் உடைஞ்சாலும் அனுப்பிருவாங்க, நீங்க மொத ஆளா வாங்கினீங்களா மூணாவது ஆளான்னு பாக்கறதில்ல. பழைய மெஷின திருப்பி அனுப்பினா ஒரு கட்டணம் வாங்கிட்டு முழுசா பிரிச்சுத் தேய்ச்சு புதுசு மாதிரி ஆக்கித் தர வழியும் உண்டு. 550 மாடல் 80கள்ல இருந்து ஓடுது, 650 மாடல நிறுத்தி 2019ல 750 கொண்டு வந்தாங்க.

ஆனா எல்லாரும் "டில்லன்னா லைஃப்டைம்"னு பொதுவா சொல்றாங்கல்ல, அதுல ஒரு ஓட்டை இருக்கு. 1050, 1100 மாதிரி பெரிய மெஷினுக்கு அது கிடையாது, அதெல்லாம் தொழில் ரீதியா ஓட்டறதுன்னு கணக்கு, ஒரு வருஷம்தான். கரண்ட்ல ஓடற சாமானுக்கும் ஆயுசு கேரண்டி இல்ல. அதே மாதிரி ஸ்கொயர் டீல்னு ஒரு சின்ன மாடல், விலை குறைவுன்னு ஆசைப்பட்டு வாங்கறவங்க நிறைய, ஆனா நான் மேல சொன்ன பொது மரை டை அதுல ஏறாது, அவங்க டைதான் வாங்கணும், அதுவும் பிஸ்டல் தோட்டாவுக்கு மட்டும்தான். நல்ல மாமியார் வீடுதான், ஆனா கதவு ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும்.

550க்கும் 750க்கும் இடையில தம்பி தவிச்சான். 550ல நாலு ஸ்டேஷன், தட்ட கையால சுத்தணும். 750ல அஞ்சு ஸ்டேஷன், தானா சுத்தும். கையால சுத்தறதுல மெஷின்ல கெட்டுப் போற பாகம் குறைவு, ஆனா நடுவுல யாராவது கூப்ட்டு கவனம் சிதறி சுத்த மறந்தா ஒரே கேஸுக்கு ரெண்டு தடவை பவுடர் விழுந்துரும், அது துப்பாக்கிய வெடிக்க வைக்கற விஷயம். இதுக்கு எந்தக் கம்பெனி வாரண்டியும் வராது. ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் கண்ணால எட்டிப் பாக்கற பழக்கம் வந்தாத்தான் புரோக்ரசிவ் பக்கமே போகணும்னு நான் அவன்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன்.

அடுத்தது லீ. விஸ்கான்சின்ல ஹார்ட்ஃபோர்ட். 1958ல ரிச்சர்ட் லீ வீட்டு ஒர்க்‌ஷாப்ல ஆரம்பிச்சது, மொத பொருள் ஒரு சின்ன டப்பா, அதுல இருக்கறத வச்சு சுத்தியலால தட்டித் தட்டியே தோட்டா செய்யலாம், இன்னிக்கும் அது விக்குது. இவங்க வாரண்டிய கேட்டா டில்லன் ஆளுங்க சிரிப்பாங்க: ரெண்டு வருஷம்தான். ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு, அதை யாரும் படிக்கறதில்ல. இப்ப தயாரிப்புல இருக்கற எந்த லீ சாமானையும், எவ்வளவு பழசானாலும், எந்த நிலைமையில இருந்தாலும், இன்னிக்கு விலையில பாதிய வச்சு ஃபேக்டரிக்கு அனுப்பினா புதுசு மாதிரி ஆக்கி, புது கேரண்டியும் சேத்துத் தருவாங்க. யார் வாங்கினா எப்ப வாங்கினான்னு கேள்வி இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு டில்லன் 750 விலைக்கு லீயோட சாதாரண சிங்கிள் ஸ்டேஜ் பல வாங்கலாம், அதுல பாதி விலைன்னா ஒரு குடும்பம் வெளிய போயி சாப்பிடற காசு. உதிரி பாகமும் அவங்க சைட்லயே படத்தோட ஒவ்வொண்ணா போட்டிருக்காங்க, ஸ்பிரிங் ஸ்குரூ எல்லாம் சில்லறைக் காசு, பாகத்த விட தபால் செலவு ஜாஸ்தி. இலவசமா வராதுன்னு திட்டறவங்க அந்தத் தொகைய ஒரு தடவை பாத்துட்டுத் திட்டணும்.

லீ டைல இன்னொரு அழகு, டீகேப்பிங் பின். மத்தவங்கள்ல பல டையில பின் ஒரு தனிச் சின்னக் கம்பி, உள்ள கல்லோ தப்பான கேஸோ வந்தா வளையும் உடையும், அப்புறம் ஃபோன் பண்ணணும், அவங்க இலவசமா அனுப்புவாங்க, நீங்க "ஆஹா என்ன சர்வீஸ்"னு எழுதுவீங்க. லீல அந்தக் கம்பி ஒரே துண்டு, மேல ஒரு கவ்வி இறுக்கிப் பிடிச்சிருக்கும், தடை வந்தா உடையறதுக்குப் பதிலா மேல நழுவிரும், திரும்ப இறக்கி இறுக்கிட்டு வேலையப் பாக்கலாம். பின் உடையாதுன்னே கேரண்டி குடுக்கறாங்க. ஃபோன் பண்ற தேவையே வராததால இவங்களுக்கு நல்ல பேரும் வரல, எனக்கு இது எப்பவும் கொஞ்சம் அநியாயமாப் படும்.

ஆனா லீயோட புரோக்ரசிவ்னு வந்தா நான் கொஞ்சம் தயங்குவேன். அது பொறுமையா உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கற கைக்காரங்களுக்கு. மெஷினோட குணம் புரிஞ்சவங்க சந்தோஷமா ஓட்டறாங்க, புரியாதவங்க திட்டிட்டு பாதி விலைக்கு வித்துட்டு நீலத்துக்கு ஓடறாங்க, ரெண்டு பேரையும் எங்க ரேஞ்சுல பாத்திருக்கேன்.

ஆர்சிபிஎஸ். 1943ல கலிஃபோர்னியாவுல ஓரோவில்ல ஃப்ரெட் ஹன்டிங்டன் ஆரம்பிச்சது. உலகப் போர் சமயம், புல்லட் கிடைக்காத காலம், சுட்டுப் போட்ட .22 கேஸையே மேலுறையா வச்சு புல்லட் செய்யற அச்சு ஒண்ணு உருவாக்கினார், பேரு ராக் சக் புல்லட் ஸ்வேஜ், அந்த நாலு எழுத்துதான் ஆர்சிபிஎஸ். ராக் சக்னா குழி தோண்டற ஒரு பிராணி, அத வேட்டையாடத்தான் அந்த புல்லட்டு. இவங்களோட சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் ராக் சக்கர, நம்ம ஊர் டிவிஎஸ் 50 மாதிரி எல்லார் வீட்லயும் பாக்கலாம். வளைஞ்ச பின், தொலைஞ்ச ஸ்குரூன்னு கூப்ட்டா பில்லு கேக்காம அனுப்பறவங்கன்னு பல வருஷப் பேரு இவங்களுக்கு.

ஆனா முதலாளி மாறிட்டே வந்திருக்கு. ப்ளவுன்ட் கையில இருந்துச்சு, 2001ல ஏடிகே வாங்கினாங்க, 2015ல அதுல இருந்து விஸ்டா அவுட்டோர் பிரிஞ்சப்ப அங்க போச்சு, 2024 கடைசில ஹாட்ஜ்டன் வாங்கினாங்க. ஹாட்ஜ்டன் கான்சஸ்ல குடும்பமா பவுடர் விக்கற கம்பெனி, ரீலோடிங் தெரிஞ்ச கை, அதனால எனக்கு நம்பிக்கை இருக்கு. இருந்தாலும் ஆயுசு கேரண்டின்னா யாரோட ஆயுசு, என்னோடதா மெஷினோடதா கம்பெனியோடதான்னு ஒரு கேள்வி இருக்கத்தான் செய்யுது. ஃபோன் எடுக்கற ஆளு மாறினா அட்டையில இருக்கற வாசகம் அதேதான் இருக்கும், குரல் மாறிரும். ராக் சக்கர் மாதிரி இரும்புக்கு இதப் பத்தி கவலைப்படவே வேண்டாம், பவுடர் அளக்கற எலக்ட்ரானிக் மெஷினுக்குக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹார்னடி, நெப்ராஸ்காவுல கிராண்ட் ஐலண்ட், 1949ல ஜாய்ஸ் ஹார்னடி ஆரம்பிச்சது (ஜாய்ஸ்னு பேரு இருந்தாலும் ஆம்பளைதான், நானும் ரொம்ப நாள் அம்மான்னு நினைச்சேன்). புல்லட் செய்யறதுதான் இவங்க மெயின் தொழில், பிரஸ் ரெண்டாவது. லாக்-என்-லோடு ஏபின்னு அஞ்சு ஸ்டேஷன் புரோக்ரசிவ், டைய பல்பு மாட்டற மாதிரி லேசா திருகி மாட்டலாம், கேலிபர் (தோட்டா அளவு) மாத்தறது சுலபம். பிரஸ் வாங்கினா 500 புல்லட் வரைக்கும் இலவசமா அனுப்பற ஆஃபர் ஒண்ணு வருஷாவருஷம் விடுவாங்க. அத சர்வீஸ் கணக்குல சேக்காதீங்க, தீபாவளிக்கு டிவி வாங்கினா குக்கர் ஃப்ரீ குடுக்கற மாதிரிதான் அது. ஆனா 750க்கும் இதுக்கும் நடுவுல நின்னு, ரெண்டு மூணு கேலிபர் ஓட்டறவரா இருந்தா இத நிஜமாவே யோசிக்கலாம்.

ரெட்டிங், நியூயார்க் மாநிலம் கோர்ட்லண்ட், 1946ல இருந்து. டை துல்லியம், விலையும் துல்லியமா எரியும். தூரச் சுடறவங்க வாங்குவாங்க. லைமன் 1878ல ஆரம்பிச்ச கம்பெனி, இந்தக் கூட்டத்துலயே மூத்தவங்க. ரெண்டு பேர்கிட்டயும் தொடக்கக்காரருக்கு நான் தனியா சொல்ல எதுவுமில்ல.

எரிச்சல் பட்ட கதையும் ஒண்ணு சொல்லிடறேன், பேர் சொல்லாம. டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கினேன், எட்டு மாசத்துல எடை தானா நகர ஆரம்பிச்சுது, ஒண்ணும் வைக்காமலே பூச்சியம் பூச்சியமா நிக்காம மேல ஏறும். பவுடர் அளக்கற சாமான் பொய் சொன்னா எப்படி இருக்கும்? ஈமெயில் போட்டா தானா ஒரு பதில், டிக்கெட் நம்பர். மூணு வாரம். மறுபடி போட்டா பில் அனுப்புன்னு, பில் அனுப்பினா ஃபோட்டோ அனுப்புன்னு, ஃபோட்டோ அனுப்பினா அந்த மாடல் இப்ப இல்லன்னு. ஃபோன் நம்பரே சைட்ல இல்ல. அன்னில இருந்து எதையும் வாங்கறதுக்கு முன்னாடி நான் செய்யற ஒரு வேலை: வாங்காமலே ஃபோன் பண்ணி ஏதாவது சின்னக் கேள்வி கேப்பேன். எத்தனை நிமிஷத்துல மனுஷன் வரான், வந்தவனுக்கு மெஷின் தெரியுதா இல்ல ஸ்கிரீன்ல இருந்து படிக்கறானான்னு பாத்தாலே போதும். அந்த தராசுக்குப் பதிலா இப்ப கரண்டே வேண்டாத பீம் தராசு வச்சிருக்கேன், அதுக்கு வாரண்டி ஞாபகமே வந்ததில்ல.

ஃபோன் பண்றதுல ரெண்டு டிப்ஸ். மேனுவல்ல பாகங்களப் பிரிச்சுப் போட்ட படம் இருக்கும், அதுல இருந்து பார்ட் நம்பர எடுத்து வச்சுக்கிட்டுக் கூப்டுங்க, "அந்த வளைஞ்ச கம்பி சார்"னு ஆரம்பிச்சா அவங்களுக்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம். அரிசோனாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நேரம் வேற வேற, அதையும் பாத்துக்கங்க. அப்புறம் பிரஸ் கம்பெனிக்காரர்கிட்ட "எவ்வளவு பவுடர் போடலாம்"னு கேக்காதீங்க, அதுக்கு பவுடர் கம்பெனியும் புல்லட் கம்பெனியும் போடற டேட்டா இருக்கு, அதத் தாண்டி யார் சொன்னாலும், நான் சொன்னாலும், கேக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னும் தம்பி கேட்டான். இங்கதான் வாரண்டி நிஜமா காசாகுது. டில்லன் ஆள் பாக்காம சர்வீஸ் பண்றதால பழசுக்கும் விலை இறங்கவே மாட்டேங்குது, பத்து வருஷம் ஓட்டினத புது விலைக்குக் கிட்டத்துல கேக்கறாங்க. வாங்கறவனுக்கு வயித்தெரிச்சல், ஆனா நாளைக்கு நாம விக்கும்போது அதே காசு நமக்கு. லீல அப்படி இல்ல, பழசு சல்லிசா வரும், அந்தப் பாதி விலை வசதியையும் சேத்துப் பாத்தா, ஒரு துருப்பிடிச்ச வார்ப்பிரும்பு லீ சிங்கிள் ஸ்டேஜ் எஸ்டேட் சேல்ல (இறந்தவங்க வீட்டுச் சாமான விக்கற இடம்) கண்ணுல பட்டா யோசிக்காம தூக்கிருவேன். துரு போறதுக்கு எண்ணெயும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போதும்.

இப்ப முடிவுக்கு வருவோம். தம்பிகிட்ட ஒண்ணுதான் கேட்டேன், மாசத்துக்கு எத்தனை ரவுண்டு சுடுவ? .308 ரைஃபிள் ஒண்ணு வச்சு மாசம் அம்பது நூறுன்னா லீயோ ராக் சக்கரோ எந்த சிங்கிள் ஸ்டேஜும் சரி, வாரண்டிய மறந்துரு, மிச்ச காசுக்கு நல்ல தராசு வாங்கு. 9 எம்எம் பிஸ்டல் தோட்டா மாசம் முந்நூறு நானூறுன்னா லீ கிளாசிக் டரட் (டையெல்லாம் ஒரு வட்டத் தலையில மாட்டி அதச் சுத்தற பிரஸ்), பாகம் கம்மி, தானா சுத்தற வசதி இருக்கு, ஒரு நேரத்துல ஒரு கேஸ்தான்ங்கறதால கண்ணு எட்டும். வாரா வாரம் மேட்ச் சுட்டு மாசம் ஆயிரம் தாண்டினா மட்டும் டில்லன், அதுலயும் 550 போதும், 750 ஆசைக்கு. அந்த அளவுல பிரஸ் ஒரு வாரம் படுத்தா ஒரு மேட்ச் போச்சு, அப்ப "பார்ட் நாளைக்கு அனுப்பறேன்"னு சொல்ற குரலுக்கு முந்நூறு டாலர் கூடக் குடுத்தாலும் நஷ்டமில்ல.

அவன் மாசம் இருநூறுதான்னான். டரட்ட கார்ட்டுல போட்டான். அடுத்த வாரம் பாத்தா கார்ட்டுல 750 இருக்கு, ஏன்டா தம்பின்னா "அண்ணே, மெஷின் வாங்கிட்டா தானா நிறைய சுடுவேன்ல"ங்கறான்.